மழைக்குப் பிறகு தடம் புரளும் லோகோ: அரத்தைக் கீழே வையுங்கள்

வாசகர் கேள்வி:

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. வெளிநாட்டு வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு எச்.ஓ. அளவு மாதிரி ரயில் செட் வாங்கி வந்தேன். பேரனுக்காக மச்சில் எட்டுக்கு நாலு அடியில் மேசை போட்டு, நாகர்கோவில் ஜங்ஷன் மாதிரி ஒரு ஸ்டேஷன் அமைத்திருக்கிறேன். மேசைக்கு எங்கள் விளையில் வெட்டிய ரப்பர் மரத்தின் பலகை. மேலே பச்சை பெயின்ட் அடித்தேன். வளைவுகள் எல்லாம் செட்டில் வந்த 18 அங்குல ஆரம் கொண்டவை. செட்டோடு வந்த நாலு சக்கரச் சின்ன எஞ்சின் எங்கேயும் விழுவதில்லை. பிறகு வாங்கிய டபிள்யூ.டி.எம்.3ஏ டீசல் லோகோ மே மாதம் வரை ஒழுங்காக ஓடியது. மழை பிடித்த பிறகு, பிளாட்ஃபாரத்துக்குள் நுழையும் பாயின்ட்டிலும் (பாதை பிரியும் இடம்) அதை ஒட்டிய வளைவிலும் தடம் புரள்கிறது. பெட்டிகளைப் பின்னால் தள்ளினால் பெட்டியும் சாய்கிறது. நடுவில் ஒரு நாள் லோகோ மேசையிலிருந்து தரையில் விழுந்ததும் உண்டு. சின்ன எஞ்சின் நன்றாக ஓடுவதால் டிராக்கில் குறை இல்லை என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் சக்கரத்தின் விளிம்பை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறார். தேய்க்கலாமா, அல்லது புது லோகோ வாங்கிவிடலாமா? ‘பாட்டா, எஞ்சின் பின்னயும் விழுந்துட்டு’ என்று பேரன் சொல்லும்போது மனசு கேட்கவில்லை.

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம். முதல் வேலையாக அரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சக்கரத்தின் மேல் மட்டும் அது படக்கூடாது.

காரணம் இதுதான். நிஜ ரயில் சக்கரத்தின் ஃப்ளாஞ்ச், அதாவது தண்டவாளத்தின் உள்பக்கமாக இறங்கி நிற்கும் அந்த விளிம்பு, புதுச் சக்கரத்தில் 28.5 மி.மீ. ஆழம் இருக்கும். எச்.ஓ. அளவு 1:87. அப்படியே சுருக்கினால் மூன்றில் ஒரு மி.மீ. கூட வராது. அவ்வளவு மெல்லிய விளிம்பை வைத்துக்கொண்டு வீட்டு மேசையில் ஓட்ட முடியாது என்பதால், மாதிரி சக்கரங்களில் அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 0.64 மி.மீ. வரை வைக்கிறார்கள். அந்த முக்கால் மி.மீ.கூட இல்லாத விளிம்புதான் உங்கள் லோகோவை டிராக்கில் பிடித்து வைத்திருக்கிறது. அதில் அரம் போட்டால் குறைவது மட்டுமல்ல, சொரசொரப்பாகவும் ஆகும். சொரசொரப்பான விளிம்பு வளைவில் தண்டவாளத்தின் பக்கவாட்டைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும். இன்று இரண்டு இடத்தில் விழும் வண்டி நாளை எல்லா இடத்திலும் விழும்.

அடுத்தது, சின்ன எஞ்சின் விழாததால் டிராக் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பழுதுக்கு வருகிற லோகோக்களில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையோடுதான் வருகின்றன. நாலு சக்கர எஞ்சினில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. டிராக் ஒரு பக்கம் கொஞ்சம் முறுக்கியிருந்தாலும் அந்தச் சின்னத் தூரத்துக்குள் அது அந்த முறுக்கை உணரவே உணராது. வளைவிலும் சுலபமாகத் திரும்பிவிடும். டபிள்யூ.டி.எம்.3ஏ அப்படியல்ல. ஒவ்வொரு போகியிலும், அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்திலும், மூன்று அச்சு. மூன்றும் ஒரே சட்டத்துக்குள், நாலு செ.மீ.க்கு மேல் நீளமாக, விறைப்பாக நிற்கின்றன. நிஜ லோகோவில் ஸ்பிரிங் இருக்கிறது, டன் கணக்கில் எடை இருக்கிறது, சக்கரம் தண்டவாளத்தை விட்டு எளிதில் எழும்பாது. மாதிரியில் பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது. ஒரு மூலை அரை மி.மீ. தாழ்ந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரத்துக்கு வளைவில் ஒரு சின்னத் தள்ளுதல் கிடைத்தால் போதும், தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். ஆகவே சின்ன எஞ்சினின் சாட்சியை ஏற்க முடியாது. டிராக்கைச் சோதிக்க வேண்டியது விழுகிற வண்டியை வைத்துத்தான்.

உங்கள் கடிதத்தில் சந்தேகப்பட இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். மழைக்குப் பிறகு மாறிய பலகை ஒன்று, தரையில் விழுந்த லோகோ இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. முதலில் லோகோவைத் திறக்காமல் ஓட்டுங்கள், நடை வேகத்தில். விழுகிற ஒவ்வொரு தடவையும், விழுந்து கிடக்கிற இடத்தை அல்ல, சக்கரம் முதலில் ஏறிய இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இருக்கும். ஏறின சக்கரம் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர் மேல் கொஞ்ச தூரம் தட்டிக்கொண்டே போய்த்தான் சாயும். இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். மொபைல் போனை டிராக் ஓரத்தில் தண்டவாள உயரத்துக்குப் படுக்க வைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். எந்த அச்சு, எந்தப் பக்கச் சக்கரம், எந்த ஸ்லீப்பருக்கு நேரே என்று தெளிவாகத் தெரியும். இந்த வேலையைப் பேரனிடம் கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளின் கண் நம்மைவிடக் கூர்மை.

பிறகு லோகோவை அப்படியே திருப்பி வைத்து, அதாவது முன்பக்கம் பின்னாகப் போகும்படி வைத்து, அதே இடங்களில் ஓட்டுங்கள். எப்படித் திருப்பினாலும் அதே ஸ்லீப்பரில் ஏறினால் குறை டிராக்கில். இடம் மாறி, ஆனால் எப்போதும் அதே அச்சு ஏறினால் குறை லோகோவில். அந்த இடத்தில் மட்டும், அந்த அச்சு மட்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இந்த மூன்றாவதுதான் வரும் என்று என் ஊகம். சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, லோகோவைப் பார்ப்போம். ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியே போதும், மரத்தைப் போல அது வளைந்திருக்காது. அதன் மேல் லோகோவை நிறுத்துங்கள். பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய தாள் ஒன்றை ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் செருகி இழுங்கள். பன்னிரண்டு சக்கரத்திலும் தாள் ஒரே மாதிரிப் பிடித்து வர வேண்டும். எங்காவது பிடிப்பே இல்லாமல் நழுவினால் அந்தச் சக்கரம் தொங்குகிறது. மூன்று அச்சு போகியில் நடு அச்சைக் குறிப்பாகப் பாருங்கள். அது மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்திருந்தால் போகி அதன் மேல் நின்று முன்னும் பின்னும் ஆடும், முன் அச்சு தூக்கிக்கொள்ளும். தரையில் விழுந்த வண்டிகளில் அச்சைத் தாங்கும் கீழ் மூடி ஒரு முனையில் கழன்று, நடு அச்சு இப்படி இறங்கிவிடுவது சாதாரணம். மூடியை அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும், அவ்வளவுதான் சிகிச்சை.

அடுத்து சக்கரங்களின் இடைவெளி. ஒரு அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முகத்திலிருந்து உள்முகம் வரை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். எச்.ஓ. டிராக்கின் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள தூரம், 16.5 மி.மீ. அதில் ஓடும் சக்கரங்களுக்கு இந்த உள் அளவு 14.4 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். ஒரே சக்கரத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் வேறு வேறாக வந்தால் சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஆறு அச்சுகளையும் அளந்து எழுதிவையுங்கள். ஐந்து ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் தனியாகவும் வந்தால் அதுதான் ஆள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பது பாயின்ட்டில்தான் தெரியும். பாயின்ட்டில் இரண்டு பாதை வெட்டிக்கொள்ளும் இடத்தை ரயில்வேக்காரர்கள் கிராஸிங் என்பார்கள், நம்மில் பலர் ஃப்ராக் என்கிறோம். அங்கே தண்டவாளத்தில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் சக்கரம் வழிதவறாமல் இருக்க, எதிர்ப்பக்கத்தில் செக் ரெயில் என்று ஒரு சின்னத் தண்டவாளம் வைத்திருக்கிறார்கள். அது எதிர்ச் சக்கரத்தின் உள்முகத்தைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். சக்கரங்களின் உள் அளவு அதிகமாகிவிட்டால் செக் ரெயிலின் பிடி எட்டாது, விளிம்பு நேரே கிராஸிங்கின் மூக்கில் மோதும், இல்லாவிட்டால் தப்பான பாதைக்குள் நுழையும். உள் அளவு குறைந்துவிட்டால் செக் ரெயிலையும் கிராஸிங் பக்கத் தண்டவாளத்தையும் சக்கரங்களின் உள்முகங்கள் இறுக்கிக் கவ்வி, மேலே எழும்பும். வீடியோவில் கிராஸிங்கின் மூக்கில் முட்டுகிறதா, செக் ரெயிலுக்கு நேரே எழும்புகிறதா என்று பார்த்தாலே, காலிப்பர் எடுப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

தவறிய சக்கரத்தைச் சரிசெய்யக் குறடு வேண்டாம். இரண்டு கையிலும் சக்கரத்தைப் பிடித்து, திருகிக்கொண்டே மெல்ல இழுக்கவோ அழுத்தவோ வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக நகர வேண்டும். தொட்டவுடன் வழுக்கி நகர்ந்தால் வேறு சிக்கல்: பல மாடல்களில் இரண்டு பக்க அச்சையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் பிடித்திருக்கிறது. அது வெடித்துவிட்டால் பிடிப்பு போய்விடும். இன்று சரிசெய்தால் நாளை மறுபடி விலகும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டக், டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. புதுப் பல்சக்கரம் மாற்றுவதே வழி. செலவு லோகோ விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

லோகோவைத் துண்டு விரித்து அதன் மேல் தலைகீழாகப் படுக்க வைத்திருக்கும்போதே, இரண்டு போகிகளையும் விரலால் திருப்பிப் பாருங்கள். தடை இல்லாமல் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். ஒரு போகியாவது பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்து கொடுக்க வேண்டும். இரண்டுமே விறைப்பாக இருந்தால் சீரில்லாத டிராக்கில் ஒரு மூலை தூக்கிக்கொண்டே போகும். மேலே உடல்கூட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் உள்ளே வயர் ஒன்று போகிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி, ஸ்பிரிங் மாதிரி போகியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். எப்போதும் ஒரே திசை வளைவில் மட்டும் விழுகிற லோகோக்களில் முதலில் நான் பார்ப்பது இந்த வயரைத்தான்.

இனி உங்கள் மேசை. கடிதத்தைப் படித்ததும் என் மனசு நின்ற இடம் ரப்பர் பலகைதான்.

நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. பால் வற்றிய மரத்தை வெட்டிப் பலகை போடுவதில் தப்பே இல்லை. பக்குவம் செய்த ரப்பர் மரத்தில் நல்ல மேசை நாற்காலிகள் செய்கிறார்கள். ஆனால் விளையில் வெட்டி, மில்லில் அறுத்து, வீட்டில் காயவைத்த பலகை வேறு. மருந்தேற்றாத ரப்பர் மரத்துக்கு வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் வரும், ஈரத்துக்குத் தகுந்தபடி அது வளையவும் செய்யும். எந்த மரமும் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆறு அங்குல அகலப் பலகை ஒன்று மழைக்காலத்தில் ஒரு மி.மீ. விரிவது பெரிய விஷயமே இல்லை. உங்கள் பகுதியில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. காயவே நேரம் கிடையாது. அதோடு மேல்பக்கம் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள், கீழ்ப்பக்கம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கீழே வெறும் மரமாக விட்டிருந்தால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்து விரியும், மேல்பக்கம் விரியாது. பலகை நடுவில் கீழே குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பும். பக்கத்துப் பலகையும் அப்படியே. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மேடு எழும். அந்தச் சேர்மானத்தின் மேல் டிராக் சாய்வாகக் கடந்தால், ஒரு தண்டவாளம் பள்ளத்திலும் மற்றது மேட்டிலுமாக இருக்கும். டிராக் முறுக்குவது என்றால் இதுதான்.

இதைப் பார்ப்பது சுலபம். பொழுது சாய்ந்ததும் மச்சு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மேல் படுக்க வைத்து, வெளிச்சம் பலகையை உரசிக்கொண்டு போகும்படி அடியுங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழலாக விழும். பிறகு கண்ணைத் தண்டவாள உயரத்துக்கு இறக்கி, ஒற்றைத் தண்டவாளத்தின் மேல்விளிம்பு நெடுக நோக்குங்கள். நீங்கள் குறித்துவைத்த இடத்துக்கு நேரே ஒரு நெளிவு தெரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. உறுதி செய்ய, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சின்னதாக ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, பாயின்ட்டுக்கு ஒரு சாண் முன்னாலிருந்து ஒரு சாண் பின்னால் வரை மெல்ல நகர்த்துங்கள். குமிழி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. ஒரு பக்கமாகவே சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றாலும் பெரிய ஆபத்தில்லை. நகர்த்த நகர்த்தக் குமிழி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடினால், அங்கே ஆறு அச்சு லோகோ நிலைக்காது.

உடனடி வைத்தியம், தாழ்ந்த இடத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் விசிட்டிங் கார்டு துண்டுகளைச் செருகுவது. ஒரு துண்டு செருகு, ஓட்டிப் பார், போதாவிட்டால் இன்னொன்று. பாயின்ட்டுக்கு அடியில் செருகும்போது பாயின்ட் முழுவதும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் தூக்கினால் பாதையை மாற்ற நகரும் நாக்குத் தண்டவாளம் சரியாக மூடாது. ஆனால் இது இந்த மழைக்கு மட்டுமான ஏற்பாடு. கோடையில் பலகை சுருங்கியதும் நீங்கள் நிமிர்த்திய இடம் மேடாகும்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டும் என்றால் பலகையை மாற்றுங்கள். தண்ணீர் தாங்கும் ரகத்தில் 12 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலில் ஒரே ஷீட்டாக மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கிடைக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒரு திசையில் மட்டும் விரியும் தொல்லை இல்லை. மேல், கீழ், நான்கு ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் கொடுங்கள். ஓரத்தை மறக்காதீர்கள், ஈரம் நுழைவது அங்கேதான் அதிகம். அடியில் ஒன்றரை அடிக்குள் ஒரு குறுக்குச் சட்டம் வரட்டும். உங்கள் ரப்பர் பலகைகளை வீணாக்க வேண்டாம், பெட்டிகள் வைக்கும் அலமாரிக்கு ஆகும். அதுவும் மருந்தடித்த பிறகு.

வெயிலையும் கொஞ்சம் கணக்கில் வையுங்கள். ஓட்டுக்கு நேர் கீழே உள்ள மச்சில் பகலுக்கும் மழை இரவுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் இரண்டு மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி சூடு கூடினால் மூன்றில் இரண்டு மி.மீ. வரை நீளும். இணைப்புகளை எல்லாம் இறுக்கமாக முட்டவிட்டிருந்தால் அந்த நீளம் போக இடமில்லாமல் டிராக் பக்கவாட்டில் நெளியும். மழைநாளில் டிராக் போட்டால் இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். நல்ல வெயில் நாளில் போட்டால் முட்டவிடலாம், தப்பில்லை.

இணைப்புகளைப் பற்றிப் பேசும்போது ஒன்று. ஒவ்வொரு இணைப்பின் மேலும், உள்பக்கத்திலும், விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் சக்கரமும் தட்டும். பெரும்பாலும், தண்டவாளத்தின் அடி, இரண்டு துண்டை இணைக்கும் ஜாயினருக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பார்வைக்குச் சேர்ந்தது போலவே இருக்கும், உயரம் மட்டும் அரை மி.மீ. கூடியிருக்கும். கழற்றிச் சரியாக மாட்டுங்கள். அதன் பிறகும் ஒரு நூல் தட்டினால், இப்போது அரத்தை எடுக்கலாம். தண்டவாள முனையின் உள் விளிம்பை இரண்டு இழுப்பு இழுத்து மழுங்க வையுங்கள். பாயின்ட்டின் நாக்குத் தண்டவாளத்தின் நுனி தடித்திருந்தாலும், பக்கத்துத் தண்டவாளத்தோடு அழுந்திப் படியும் அளவுக்குத் தேய்க்கலாம். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அதே பஸ் டிக்கெட்டைச் செருகிப் பாருங்கள், நுழையக் கூடாது. நுழைந்தால் அடியில் ஒரு ஜல்லித் துகளோ பெயின்ட் கட்டியோ இருக்கும்.

அப்புறம் வளைவு. 18 அங்குல ஆரம் என்றால் 457 மி.மீ. ஆறு அச்சு லோகோக்களுக்கு 22 அங்குலம் வேண்டும் என்றே பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 18-ல் ஓடாது என்றில்லை, உங்கள் லோகோவே மே மாதம் வரை ஓடியிருக்கிறது. ஆனால் கூடுதலாக ஒரு குறையைத் தாங்கும் சக்தி அதற்கு அந்த வளைவில் மிச்சமில்லை. அதனால்தான் பலகை கொஞ்சம் அசைந்ததும் விழுந்தது. நாலு அடி அகலத்தில் 22 அங்குல ஆரம், அதாவது 559 மி.மீ., இரு ஓரத்திலும் ஐந்து செ.மீ. மிச்சம் வைத்து உட்கார்ந்துவிடும். பிளைவுட் மாற்றும்போது வெளிச் சுற்றை இதற்கு மாற்றிவிடுங்கள். ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு அக்ரிலிக் பட்டை ஒன்றும் அடியுங்கள். லோகோ இன்னொரு தடவை தரைக்குப் போகக் கூடாது.

அதைவிட முக்கியம், பாயின்ட்டிலிருந்து இடப்பக்கம் திரும்பி உடனே வலப்பக்கம் வளைகிற மாதிரி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாயின்ட்டிலும் அதை ஒட்டிய வளைவிலும் என்று நீங்கள் சேர்த்து எழுதியதால் கேட்கிறேன். இப்படி ‘எஸ்’ வடிவில் பாதை போனால் லோகோவின் முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் எதிர்த் திசையிலும் ஒரே நேரத்தில் ஒதுங்கும். வண்டிகளை இணைக்கும் கப்லர் இரண்டு பக்கமும் இழுபடும். ஒரு வளைவுக்கும் எதிர் வளைவுக்கும் நடுவில், உங்களிடம் இருப்பதிலேயே நீளமான வண்டியின் நீளத்துக்கு நேர் டிராக் இருக்க வேண்டும். பழைய ரகமான ஐ.சி.எஃப். பெட்டி என்றால் 1:87-ல் ஏறக்குறைய 25 செ.மீ., புதிய ரகமான எல்.எச்.பி. என்றால் 27 செ.மீ.க்கு மேல். இடம் போதாவிட்டால் பிளாட்ஃபாரத்தைச் சுருக்குங்கள், இந்த நேர் டிராக்கைச் சுருக்காதீர்கள்.

பெட்டிகள் தள்ளும்போது சாய்வதற்கும் இந்த ‘எஸ்’ஸே பாதிக் காரணம். மீதிக் காரணம் எடை. இழுக்கும்போது ரயில் தானே நேராகும், தள்ளும்போது எடை குறைந்த பெட்டி முதலில் மடங்கும். பெட்டிக்கு எடை வைக்க ஒரு கணக்கு இருக்கிறது: எச்.ஓ.வில் அடிப்படையாக 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பத்து அங்குல ஐ.சி.எஃப். பெட்டிக்கு 168 கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், குறைந்தால் தரைத்தட்டில் தாழ்வாக, இரண்டு போகிக்கும் சமமாக எடை சேருங்கள். குளச்சலில் வலைக்குப் போடும் ஈயக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் அதை வைக்கிறார்கள். ஈயம் நச்சு. பேரன் கையாளும் பெட்டியில் அது வேண்டாம். இரும்பு நட்டு, வாஷர் போதும், இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள்.

பஃபர்களையும் கவனியுங்கள். டபிள்யூ.டி.எம்.3ஏ-விலும் பழைய ஐ.சி.எஃப். பெட்டியிலும் இரு பக்கமும் பஃபர், அதாவது மோதலைத் தாங்கும் வட்டத் தட்டு, உண்டு. கப்லர் குட்டையாக இருந்தால் இறுக்கமான வளைவில் ஒரு பஃபரின் பின்னால் மற்றது போய் மாட்டிக்கொள்ளும், நேராகும்போது பெட்டியை நெம்பித் தூக்கிவிடும். ஒரு நூல் நீளமான கப்லர் மாட்டினால் தீர்ந்தது.

நாகர்கோவில் ஜங்ஷனை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஜங்ஷனுக்குள் வந்து திருவனந்தபுரம் போகும் வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். உங்கள் மேசையிலும் பேரன் அதைச் செய்யத்தான் ஆசைப்படுவான். அப்போது லோகோ தனியாக, இரண்டு திசையிலும், பாயின்ட் மேல் பாயின்ட்டாகக் கடக்க வேண்டியிருக்கும். அதனால் பெட்டி இல்லாமல், லோகோ மட்டும், இரண்டு திசையிலும், எல்லாப் பாயின்ட்டையும் கடக்கும் வரை ஸ்டேஷன் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். உள்சுற்று 18 அங்குலமாகவே இருக்கட்டும், அதில் சரக்கு வண்டி விடுங்கள். பாக்ஸ்என் வேகன் 1:87-ல் 12 செ.மீ. சொச்சம்தான், அந்த வளைவில் அழகாகத் திரும்பும்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசுக்காகிப் பல்சக்கரத்தைப் பிடிக்கும், குளிர்ந்த மழை இரவில் உறையவும் செய்யும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் மெல்லிய செயற்கை எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. டிராக்கையும் சக்கரத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

புது லோகோ இப்போது வாங்காதீர்கள். இந்த மேசையில் அதுவும் விழும். கண்ணாடியும் தாளும் வைத்துச் செய்யும் சோதனையை முதலில் முடியுங்கள், பிறகு சக்கர அளவு, பிறகு டார்ச், கடைசியில் பலகை. இவ்வளவும் செய்தபின்னும் அதே இடத்தில் விழுந்தால் ஆறு அச்சுகளின் உள் அளவு, அந்த இடத்தில் ரசமட்டம் காட்டியது, ஸ்லோ மோஷன் வீடியோ மூன்றையும் அனுப்புங்கள். லோகோவை அனுப்ப வேண்டாம், வழியில் ஆடி அசைந்து வரும்போது இன்னொரு அச்சு விலகிவிடும்.